பின்னறை டெஸ்க்டாப்புக்கு வைஃபை: யூ.எஸ்.பி.யா, உள்ளே போடும் கார்டா?

கல்மண்டபம் வாசி:
வணக்கம். ராயபுரத்தில் பழைய காலத்து வாடகை வீடு, ரயில்பெட்டி மாதிரி நீளம். ரூட்டர் வாசல் அறையில், டெஸ்க்டாப் கடைசி அறையில். நடுவில் இரண்டு கெட்டிச் சுவர், ஒரு இரும்பு பீரோ. நெட் 100 எம்.பி.பி.எஸ். ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டும் வருகிறது. இப்போது இருப்பது யூ.எஸ்.பி.யில் சொருகும் பொடி டாங்கிள் (வைஃபை பிடிக்கும் அடாப்டர்), பெட்டியில் 150 என்று போட்டிருந்தது. பகலில் பரவாயில்லை. இருட்டினால் படுத்துவிடுகிறது. வீட்டம்மா லாரி புக்கிங் ஆபீஸுக்கு இ-வே பில் போடுவதே அந்த நேரத்தில்தான். வாசலில் லோடு நிற்கும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மெஷின் 4-ஆம் தலைமுறை ஐ5, ஹெச்81 மதர்போர்டு, விண்டோஸ் 10. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பெரம்பூர் லோகோ:
கேபிள் இழுங்க சார். தட்டையான கேட்6 ஒயர் கதவிடுக்கிலேயே போகும். வைஃபைக்குத் தண்டம் அழ வேண்டாம்.

கல்மண்டபம் வாசி:
நடுவறையில் வீட்டுக்காரம்மா இருக்கிறார், அவர் கதவைத் தாண்டித்தான் ஒயர் போக வேண்டும். கேட்டுப் பார்த்தாயிற்று, நடக்காது.

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
தம்பி, யூ.எஸ்.பி.யா கார்டா என்பது அப்புறம். ஆன்டெனா எங்கே நிற்கப்போகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

150 என்று போட்ட டாங்கிளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றே மூன்று. நம்ம பக்கம் சுவருக்குச் சுவர் வீடு. எல்லாரும் வேலை முடிந்து வந்து டிவியையும் போனையும் போட்டால் அந்த மூன்றுக்குள்தான் அடிதடி. அதனால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற அடாப்டர் கட்டாயம். ஆனால் 5-க்குச் சுவர் ஆகாது. காசு போடும் முன் போனை 5-இல் மட்டும் இணைத்து, மானிட்டர் இருக்கும் இடத்தில் வைத்து ராத்திரி வேகம் பாருங்கள். போனுக்கே வரவில்லை என்றால் எந்த அடாப்டரும் காப்பாற்றாது, ரூட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

கார்டு என்றால் உங்கள் போர்டில் பெரும்பாலும் பி.சி.ஐ.இ. எக்ஸ்1 ஸ்லாட் (கார்டைச் சொருகும் சின்ன இடம்) இருக்கும், மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 சிப் உள்ள கார்டு நல்லது. விண்டோஸ் 10 64-பிட்டாக இருக்க வேண்டும். ஏஎக்ஸ்201 விலை குறைவு என்று யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அதன் பாதி வேலையைப் புதிய இன்டெல் போர்டுகளின் சிப்செட்தான் செய்கிறது, உங்கள் ஹெச்81-இல் அது உயிர் பெறாது. ப்ளூடூத் வேண்டுமானால் கார்டிலிருந்து போர்டின் 9-பின் யூ.எஸ்.பி. ஹெட்டருக்கு ஒரு சின்ன ஒயர் போக வேண்டும். அதைச் சொருகாமலே மூடிக் கொடுத்துவிட்டு "ப்ளூடூத் வேலை செய்யாது" என்பவர்கள் உண்டு. ஆன்டெனா கேபினட்டின் முதுகில் நேராகத் திருகுவதாக இருக்கக் கூடாது. முன்னால் தகரம், பின்னால் சுவர், சிக்னல் எப்படி வரும்? ஒயரோடு மேசைமேல் வைக்கிற ஆன்டெனாவாகக் கேளுங்கள்.

யூ.எஸ்.பி. என்றால் ஏசி600 போதும். 600 என்பது 2.4-க்கு 150, 5-க்கு 433 என்று கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். உங்கள் 100-க்கு அதுவே ஜாஸ்தி. ஆனால் பொடி டாங்கிள் மறுபடியும் வேண்டாம், தூக்கி நிறுத்துகிற ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள். கூடவே ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன்.

கல்மண்டபம் வாசி:
அண்ணே, நேற்று ராத்திரி பார்த்தேன். 5-இல் மேசைமேல் 30-தான் வந்தது, பீரோவுக்கு இந்தப் பக்கம் கையில் தூக்கிப் பிடித்தால் 70 வந்தது!

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
அப்போ சுவரைவிட பீரோதான் வில்லன். யூ.எஸ்.பி.யே எடுங்கள், எக்ஸ்டென்ஷன் போட்டு அந்த 70 வந்த இடத்தில் ஆணியில் மாட்டுங்கள். ஆணிக்குமா வீட்டுக்காரம்மா சண்டைக்கு வருவார்? கார்டு ஆன்டெனாவின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.

கொருக்குப்பேட்டை லினக்ஸ்:
ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் ஆதரவை நிறுத்திவிட்டது. 4-ஆம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. நாளைக்கு உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸ் போட வேண்டி வரலாம். யூ.எஸ்.பி.யில் மீடியாடெக் எம்டி7612யு சிப் என்றால் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, சொருகினால் ஓடும். சில ரியல்டெக் சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாகத் தேடி ஏற்ற வேண்டும், கெர்னல் மாறும்போது திரும்பவும் அதே பாடு. பெட்டியில் சிப் பெயர் போட மாட்டார்கள், மாடல் நம்பரை வைத்து நெட்டில் தேடிவிட்டுப் போங்கள். ஒரே மாடலில் 'வி2', 'வி3' என்று உள்ளே சிப்பை மாற்றியிருப்பார்கள், அந்த எழுத்தையும் பாருங்கள்.

கல்மண்டபம் வாசி:
நன்றி. சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறேன். ஏசி1200-இல் எம்டி7612யு கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ஆன்டெனா உள்ள ஏசி600. எக்ஸ்டென்ஷன் ஒயர் இங்கே எம்.சி. ரோட்டிலேயே கிடைக்குமா, அதையும் அங்கேயே வாங்கிவிடவா?

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
அங்கேயே வாங்குங்கள். கடையிலேயே ஒயரோடு சேர்த்துச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள், மட்டமான ஒயரில் டாங்கிள் விட்டுவிட்டுத்தான் ஓடும்.