கோடையில் பார்த்த மனையை மழையில் மீண்டும் பார்த்தேன்

கிராமப்புறத்தில் வீடு கட்ட மனை தேடியபோது, கடும் கோடையில் ஒரு நிலத்தைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. சுற்றிலும் காய்ந்து கிடக்க, பின்மூலையில் மட்டும் கோரை பச்சையாக நின்றது. அதையும் அழகென்றே ரசித்தேன். நல்லவேளையாக முன்பணம் கொடுப்பது தள்ளிப்போயிற்று. இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பின் போனபோது அந்த மூலையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. வேலிக் கற்களில் முழ உயரத்தில் ஒரே மட்டமாக ஓடிய பழுப்புக் கோட்டினை முன்பு புழுதி என்று நினைத்திருந்தேன். அது பழைய வெள்ளம் ஏறி நின்ற அளவு.

பிறகு ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டச் செய்தேன். மேலே செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் கலந்த கொட்டிய மண். அதன் கீழே களி. நனைத்து உருட்டினால் மெல்லிய திரியாக நீண்டது, வளைத்தாலும் உடையவில்லை. ஒரு பிடியைக் கண்ணாடிப் புட்டியில் நீரூற்றிக் குலுக்கி வைத்தேன்; மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படிய, மேல்நீர் மறுநாளும் கலங்கியே இருந்தது. இத்தகைய களி ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் சுவர் வெடிக்கிறது என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டாக ஏறிய விரிசலே சாட்சி. களியில் வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆழமான அடித்தளத்தின் செலவையும் மனை விலையோடு கூட்டியபோது, அது மலிவான மனையாகத் தெரியவில்லை.

*

இன்னொருவர் அனுபவம்: எங்கள் மேட்டு நிலத்தில் நீர் தேங்கவில்லை, கழிவுநீர்தான் சிக்கலாயிற்று. உறிஞ்சுகுழிக்கு நினைத்த இடத்தில் சிறு குழி தோண்டி, முதல் நாள் நீரூற்றி மண்ணை ஊறவைத்து, மறுநாள் மீண்டும் நிரப்பி அளந்தோம். அரை மணி நேரத்தில் ஒரு விரல் அகலம்கூட இறங்கவில்லை. சற்றுத் தள்ளி நன்றாக இறங்கிய இடமோ கிணற்றிலிருந்து 10 மீட்டர்கூட இல்லை. 15 முதல் 30 மீட்டர் வரையாவது விட வேண்டும் என்பதால், வீட்டின் வரைபடத்தையே திருப்பிப் போட்டோம்.

*

மூன்றாமவர் அனுபவம்: மண்ணும் நீரும் எனக்கு நன்றாகவே அமைந்தன. மனைக்குப் போகும் வண்டித்தடம் பக்கத்து நிலத்துக்காரருடையது. 'தாராளமாகப் போய் வாருங்கள்' என்று அவர் சொன்னதை நம்பியிருந்தேன். அவருக்குப் பின் அவர் மகன் வேலி போட்ட அன்றுதான், வழியுரிமை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் படித்தேன்.