சனிக்கிழமை மேட்னி கவ்பாய்ங்க: உங்களுக்கு யாராச்சும் எதிர்ப்பட்டிருக்காங்களா? (அனுபவப் பகிர்வு)

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கெடந்த விஷயம். கவ்பாய்னு சொன்னாலே நம்ம ஆளுங்க கிளின்ட் ஈஸ்ட்வுட்ல ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சிருவாங்க, நான் சொல்ல வர்றது அவருக்கு ஒரு தலைமுறை முன்னாடி, 1930லேர்ந்து 1950 சுமாருக்கு, சனிக்கிழமை மேட்னில பசங்க பார்க்கறதுக்குன்னே ஒரு வாரத்துக்குள்ள ஒரு படம்னு எடுத்துத் தள்ளுன காலத்துல குதிரை மேலயே பொழப்பு நடத்துன நடிகர்களைப் பத்தி.

2008ல கான்ட்ராக்ட் வேலைக்காக கலிபோர்னியால சிமி வேலிக்குப் போனேன். பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர், 74 வயசு, தனியாதான் இருந்தார். சனிக்கிழமை காலைல கராஜ் கதவைத் தூக்கி விட்டுட்டு ஒரு பழைய டிவில கருப்பு வெள்ளை கவ்பாய் படம் போட்டு உக்காந்திருப்பார். ஒரு நாள் நான் குப்பைத் தொட்டியை இழுத்துட்டு போறப்போ அந்த குதிரைக் குளம்பு சத்தம் கேட்டு அப்படியே நின்னுட்டேன், அவர் ஒண்ணும் கேக்கல, சுவத்துல சாத்தியிருந்த மடக்கு சேரை எடுத்து விரிச்சுப் போட்டார், அவ்ளோதான், அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் சனிக்கிழமை காலைனா எனக்கு அந்த சேர்தான்.

அன்னைக்கு ஓடிட்டிருந்த படத்துல ஹீரோ பஸ்டர் கிராப். இந்த மனுஷன் கதையைக் கேட்டா நம்பவே மாட்டீங்க. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல்ல தங்கம், ரெண்டாவதா வந்த பிரெஞ்சுக்காரரை விட ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குதான் முன்னாடி. அந்த பத்துல ஒரு பங்குதான் சினிமாக்குள்ள கூட்டிட்டு வந்துச்சு. பாராமவுண்ட்ல ஒப்பந்தம், அப்புறம் ஒரு டார்சான், 1936ல தலைமுடிக்கு பொன் நிறச் சாயம் அடிச்சுக்கிட்டு ஃபிளாஷ் கார்டன்ங்கற விண்வெளி ஹீரோ. இத்தனையும் பண்ணின ஆளு 1941ல வந்து சேர்ந்த இடம் பிஆர்சிங்கற படக் கம்பெனி. ஹாலிவுட்ல 'பாவர்ட்டி ரோ'ன்னு சொல்லுவாங்க, ஏழைத் தெருன்னு வெச்சுக்கோங்க, சின்ன சின்ன கம்பெனிங்க, அதுலயும் கடைசிப் படிக்கட்டுல இருந்தது பிஆர்சிதான்.

அங்க 1946 வரைக்கும் சுமார் 36 கவ்பாய் படம் பண்ணினார். தயாரிப்பாளர் அண்ணன், டைரக்டர் தம்பி சாம் நியூஃபீல்டு. ஒரே ஆள் இத்தனை படம் டைரக்ட் பண்றாரான்னு யாரும் கேக்கக்கூடாதுன்னு அந்த தம்பி வேற ரெண்டு புனைபெயரையும் வெச்சுக்கிட்டு டைட்டில்ல மாத்தி மாத்திப் போட்டுக்குவார், அவ்வளவு வேகம். ஒவ்வொரு படமும் சுமார் ஒரு மணி நேரம்தான் இருக்கும். முதல்ல ஹீரோ பேரு பில்லி தி கிட், அப்புறம் பாதில பில்லி கார்சன்னு மாத்திட்டாங்க, ஆளும் குதிரையும் கூட வர்ற தாடிக்கார காமெடியனும் அதேதான். அந்த காமெடியன் அல் செயின்ட் ஜான், 'ஃபஸ்ஸி'ன்னாதான் பசங்களுக்குத் தெரியும். கிராப்புக்கு முன்னாடி இதே பாத்திரத்துல பாப் ஸ்டீல், அவருக்கும் ஃபஸ்ஸிதான். கிராப் போனதும் சாட்டையோட கருப்பு டிரெஸ்ல லாஷ் லரூ வந்தார், அவருக்கும் ஃபஸ்ஸிதான். ஹீரோ மாறுவாங்க, ஃபஸ்ஸி மாற மாட்டார்.

அந்த கராஜ்ல உக்காந்து நான் கத்துக்கிட்டது, இந்தப் படங்களைக் கண்ணை நல்லாத் தொறந்து வெச்சுப் பாக்கணும். ஒரே பாறையை குதிரை மூணு தடவை தாண்டும், இடமிருந்து வலம் ஒரு தடவை, வலமிருந்து இடம் ஒரு தடவை, கேமராவைக் கொஞ்சம் தள்ளி வெச்சு இன்னொரு தடவை. வசனம் தடுக்கினாலும் ரீடேக் கெடையாது, ஃபிலிம் செலவு. ஆனா கிராப் ஓடி வந்து குதிரை மேல ஏறுற ஷாட் ஒண்ணு இருக்கு, முகம் தெளிவாத் தெரியும், டூப்பு இல்ல, ஏறி உக்காந்ததும் நெஞ்சு மேலயும் கீழயும் ஏறி இறங்கும், அதே மூச்சோட வசனத்தையும் சொல்லி முடிச்சிருவார். பெரியவர் அந்த இடத்துல மட்டும் ரிமோட்டை எடுத்து திரும்ப ஓட்டுவார்.

ஒரு தடவை என்னைக் கூட்டிட்டு கொரிகன்வில் பார்க்குக்குப் போனார், எங்க வீட்ல இருந்து கார்ல பத்து நிமிஷம்தான். ரே 'க்ராஷ்' கொரிகன்னு ஒரு கவ்பாய் நடிகர் 1937ல வாங்கின இடம், மத்த கம்பெனிங்களுக்கு ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டார், 1949ல பொதுமக்களுக்கும் தொறந்து விட்டு ஸ்டன்ட் ஷோ எல்லாம் நடத்தினார். நடிப்புல வந்த பேரை விட நிலத்தை வாங்கிப் போட்டதுதான் அவரைக் காப்பாத்துச்சுன்னு எனக்குத் தோணும். செட்டு எல்லாம் 1970லயும் 1979லயும் தீப்பிடிச்சுப் போச்சு. இப்போ பாறை, ஓக் மரம், புல்லு, நடுவுல சிமென்ட் அஸ்திவாரம், அவ்ளோதான் மிச்சம். பெரியவர் ஒரு சிமென்ட் மேடை மேல ஏறி நின்னு 'இங்கதான் தெரு, சின்னப் பையனா நான் நின்னது அங்க, ஒருத்தன் கூரைலேர்ந்து அப்படியே விழுந்தான், செத்துட்டான்னு அழுதேன், எந்திரிச்சு தொப்பியைத் தட்டிட்டுப் போயிட்டான்'னார்.

அப்புறம் என்னை எதிர்ல நிக்க வெச்சு குத்து எப்படி விடுவாங்கன்னு காமிச்சார். முந்தி எல்லாம் தோள்லயும் கைலயும் நெஜமாவே குத்திக்குவாங்களாம், நடிகர் ஜான் வேய்னும் ஸ்டன்ட்மேன் யாகிமா கனட்டும் 1930கள்ல சின்ன பட்ஜெட் படங்கள் பண்ணிட்டிருந்தப்போதான் இந்த புது முறையைப் பழகினாங்க. கேமரா அடி வாங்குறவன் தோளுக்குப் பின்னாடி, முஷ்டி தாடைக்கு ரெண்டு விரக்கடை முன்னாடி சர்ருனு கடந்து போவும், அதே நொடில அடி வாங்குறவன் தலையை வெடுக்குனு திருப்பணும். பெரியவர் முஷ்டி என் மூக்குக் காத்தைத் தொட்டுட்டுப் போச்சு, நான் தலையைத் திருப்ப லேட் பண்ணிட்டேன்னு பத்து தடவை திரும்ப செய்ய வெச்சார்.

உங்களுக்கும் இந்த மாதிரி யாராச்சும், எதாச்சும் எதிர்ப்பட்டிருந்தா சொல்லுங்க.

பதில் 1

அண்ணா, நான் நர்ஸ். 1990கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் முதியோர் பராமரிப்புல வேலை பார்த்தேன். அங்க ஒரு தாத்தா இருந்தார், ஹீரோ இல்ல, ஹீரோவுக்குப் பதிலா விழுந்தவர். அவரைக் குளிப்பாட்டுறப்போ தோள்பட்டைல கை வெச்சா எலும்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்காது, இடது முட்டி மடங்கவே மடங்காது. வலிக்குதான்னு கேட்டா எப்பவும் இல்லன்னுதான் சொல்லுவார், டாக்டர் கேட்டாலும் அதே பதில்தான். ஏன் தாத்தா சொல்ல மாட்டேங்கறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன், வலிக்குதுன்னு சொன்னா அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க, நாப்பது வருஷ பழக்கம் இதுன்னார்.

சன்செட்டும் கவர் தெருவும் சேர்ற முக்கு பத்தி நெறைய சொல்லுவார். விடியக்காலைல சொந்த பூட்ஸ், சொந்த தொப்பி எல்லாம் மாட்டிக்கிட்டு அங்க போய் நின்னா சின்ன கம்பெனிக்காரங்க வந்து ஆள் எடுத்துட்டு போவாங்களாம், நம்ம ஊர்ல சித்தாள் வேலைக்கு முக்குல நிப்பாங்கல்ல அதே மாதிரி. 'கவர் கல்ச்'னே அந்த இடத்துக்குப் பேரு. நான் லீவு நாள்ல போய்ப் பார்த்தேன், இப்போ பழைய கவ்பாய் ஊர் மாதிரி முகப்பு வெச்ச கடை வளாகம்.

குதிரைங்களைப் பத்தி பேசுறப்போதான் அவர் கண்ணு கலங்கும். 'ரன்னிங் டபிள்யூ'ன்னு ஒரு கம்பி, குதிரை முன்னங்கால்ல கட்டி வெச்சு, அது நாலு கால் பாய்ச்சல்ல ஓடி கம்பி நீளம் முடிஞ்சதும் காலை வாரி தலைகுப்புற விழ வெக்கும். மனுசனுக்கு எப்போ விழப்போறோம்னு தெரியும், குதிரைக்குத் தெரியாதேம்மான்னு சொல்லுவார். 1939ல ஒரு பெரிய படத்துல குதிரை செத்துப்போய் சத்தம் கெளம்பின பிறகுதான் மிருகங்களைக் கண்காணிக்க ஆள் போட ஆரம்பிச்சாங்க. நான் அதுக்கப்புறம் எந்தப் பழைய படத்துல குதிரை விழுந்தாலும் பார்க்க முடியாம எந்திரிச்சுப் போயிருவேன்.

பதில் 2

நான் டெட்ராய்ட். இங்க ஹாம்ட்ராம்க்னு ஒரு சின்ன ஊர், டெட்ராய்ட்டுக்கு நடுவுலயே இருக்கு, வங்காளதேசத்துக்காரங்க நெறைய, நாங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பிரியாணிக்கு அங்கதான் போவோம். அந்த ஊர்லதான் பழைய கவ்பாய் நடிகர் டாம் டைலர் இறந்தார்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடே இறங்கல.

லிதுவேனியாவுலேர்ந்து வந்த குடும்பம், இந்த ஊர்லதான் வளர்ந்தார். பளு தூக்கும் வீரர், ஊமைப்படக் காலத்துலேர்ந்தே கவ்பாய் ஹீரோ. 1939ல ஜான் வேய்ன் ஒரே ராத்திரில பெரிய ஸ்டார் ஆன அதே படத்துல கடைசில அவர் கையால சுடப்படுற வில்லன் இவர்தான். 1941ல கேப்டன் மார்வெல்ங்கற சூப்பர் ஹீரோ வேஷம். அதுக்கப்புறம் ஸ்க்ளீரோடெர்மான்னு ஒரு வியாதி, தோலும் மூட்டும் கெட்டியா இறுகிப் போயிரும். உடம்பை வெச்சுப் பொழச்ச மனுஷனுக்கு வர வேண்டிய வியாதியா அது. கடைசில ஹாலிவுட்ட விட்டுட்டு அக்கா தங்கச்சி இருக்கற இந்த ஊருக்கே திரும்பி வந்துட்டார், 1954ல 50 வயசுல போயிட்டார். நான் சாப்பிட்டுட்டு கார் நிறுத்துற தெருவுல நடக்குறப்போ, வரிசையா மரப்படி வெச்ச சின்ன வீடுங்க, இதுல எந்த வீடுன்னு ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கிட்டே நடப்பேன்.

பதில் 3

நம்ம ஜெய்சங்கரை யாரும் சொல்லலையே. வாரா வாரம் வெள்ளிக்கிழமை படம் வரும்னு 'வெள்ளிக்கிழமை ஹீரோ'ன்னே பேரு. 1972ல வந்த அவரோட கவ்பாய் படம் கங்காவை நான் சில வருஷம் கழிச்சு எங்க ஊர் டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்து பார்த்தேன். டைரக்டர் கர்ணன் கேமராமேனா இருந்து வந்தவர், அதனால குதிரைத் துரத்தல் வந்தா குளம்பு நம்ம மூஞ்சிக்கு நேரா வர்ற மாதிரி இருக்கும், முன்வரிசைல நாங்க எல்லாம் பின்னாடி சாஞ்சோம். மறுநாள் தென்னமட்டைல ஏறி ஊரே சுத்தினோம். பட்ஜெட் சின்னதுதான், எங்களுக்கு அது தெரியவும் இல்ல, தேவையும் இல்ல.

தொடங்கினவர்

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் தங்கச்சி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

ஒருத்தர் தனியா மெசேஜ்ல கேட்டிருந்தார், இந்தப் படமெல்லாம் டிவில அவ்வளவு ஓடுச்சே, இவங்களுக்குக் காசு வந்திருக்குமேன்னு. வரல. 1940கள் கடைசில டிவி வந்தப்போ போடறதுக்குப் படம் இல்லாம இந்த மாதிரி பழைய படங்களைத்தான் அள்ளிப் போட்டாங்க, தியேட்டர்ல பார்த்ததை விட அதிகம் பசங்க டிவிலதான் பார்த்தாங்க. ஆனா டிவில போட்டா நடிகருக்குப் பங்குங்கறது 1960ல நடிகர்கள் பண்ணின ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் எடுத்த படங்களுக்குத்தான் வந்துச்சு. இவங்க வேலை எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு, இந்த சீரிஸ் படங்களே 1954ஓட நின்னு போச்சு. வில்லியம் பாய்ட்ங்கற நடிகர் பண்ணையை வித்து, தான் நடிச்ச ஹாப்பலாங் காசிடி கவ்பாய் படங்களோட உரிமையை வாங்கி வெச்சுக்கிட்டார், டிவி வந்ததும் கோடீஸ்வரர் ஆனார். மத்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு விக்க பண்ணை இல்ல. இது எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம், அந்தப் படங்கள்ல நெறையவற்றுக்கு காப்பிரைட்டைக் கூட யாரும் புதுப்பிக்கல, அதனாலதான் இப்போ யூடியூப்ல சும்மா கெடக்கு.

பாப் ஸ்டீல் மாதிரி சிலர் தாக்குப் பிடிச்சாங்க, சின்ன வேஷம், வில்லன் வேஷம்னு 1960கள் வரைக்கும் டிவில கூட நடிச்சார். கிராப் நீச்சலுக்கே திரும்பிட்டார், வயசானவங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தார், 1983ல அரிசோனால இறந்தார்.

பெரியவர் இப்போ இல்ல. அந்த மடக்கு சேர் என்கிட்டதான் இருக்கு. வர்ற சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு கொரிகன்வில் போறேன், குத்து விடறதை அவளுக்கு சொல்லிக் குடுக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கறவங்க வர்றதா இருந்தா காலைல 8 மணிக்கெல்லாம் வந்திருங்க, அப்புறம் வெயில் கொளுத்தும், தண்ணி எடுத்துட்டு வாங்க, பாறை இடுக்குல கை வெக்காதீங்க, கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும்.