போர்ச்சுகலில் அம்மாவோடு எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

ராயபுரத்தான்:
அக்டோபர் கடைசியில் பத்து நாள் லிஸ்பன் போகிறோம், தங்கை அங்கே வேலை செய்கிறாள். அம்மாவும் வருகிறார், வயது 64, முட்டி வலி வேறு. ஆனால் காசிமேட்டில் பிறந்தவர், கடலைக் காட்டினால் போதும், கோயில் குளம்கூடக் கேட்க மாட்டார். நெட்டில் தேடினால் எல்லாமே பாறை, குகை என்று ஒரே மாதிரி இருக்கிறது. காலை நனைத்துவிட்டு உட்காருகிற மாதிரி இடம் சொல்லுங்கள். பெனாகில் குகை பார்த்தே ஆக வேண்டுமா?

எண்ணூர்வாசி:
பெனாகிலை விடுங்கள். தெற்குக் கோடியில் இருக்கிறது, இப்போது குகை மணலில் இறங்கவும் விடுவதில்லை, படகிலிருந்தே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். நேராக நசரே என்ற மீனவ ஊருக்குப் போங்கள், லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 120 கி.மீ. 2020 அக்டோபரில் ஒரு ஜெர்மன்காரர் 26 மீட்டர் அலையில் சறுக்கி உலக சாதனை செய்தது அங்கேதான். கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரைக்குப் பக்கம் வரை வருகிறது. அதன் ஆழத்தில் வரும் அலை வேகம் குறையாமல் ஓடி வரும், பக்கத்து ஆழமில்லாத இடத்தில் வரும் அலையோ மெதுவாகிவிடும், இரண்டும் ஊரின் பாறை முனைக்கு வடக்கே சேரும்போது மலை மாதிரி எழும்புகிறது. தினமும் அப்படி வராது, அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சீசன். அதை முனைக் குன்றின் மேலே நின்று பாருங்கள். ஏற வேண்டாம், மலை ரயில் இருக்கிறது, 1889-ல் வந்தது. முனைக்குத் தெற்கே ஊர்க் கடற்கரை, கொஞ்சம் சாந்தமாக இருக்கும்.

கருவாட்டுக்கூடை:
நசரேக்கு என் ஓட்டும். அங்கே மணலிலேயே வலைச் சட்டம் போட்டு, மீனைப் பிளந்து வெயிலில் காயவைத்து விற்கிறார்கள், எல்லாம் பெண்கள்தான்! ஏழு பாவாடை கட்டுவது அந்த ஊர் வழக்கம், வயதானவர்கள் சிலரிடம் இன்னும் பார்க்கலாம். 1980கள் வரை துறைமுகமே கிடையாது, படகை மாடு பூட்டி மணலுக்கு இழுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அங்கே பாஷையே தேவைப்படாது.

திருவொற்றியூர் டீக்கடை:
எல்லாம் சரி, பாறைக்கு அடியில் நிழல் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். நம்ம பக்கம் லாரியில் கொண்டுவந்து கொட்டின கல் மாதிரி இல்லை, அது தானே நிற்கிற குன்று, அரித்து அரித்து விழும். 2009 ஆகஸ்டில் தெற்குக் கரையில் அல்புஃபெய்ரா பக்கம் சரிந்து 5 பேர் இறந்தார்கள். அப்புறம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது. இங்கே ஒரு மீட்டர் ஏறுவதே அதிகம், அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் ஏறும், வந்த வழியே காணாமல் போய்விடும். முட்டி வலிக்கு லிஸ்பனுக்குப் பக்கத்தில் சிந்த்ராவை ஒட்டிய அட்ராகா கடற்கரை நல்லது, கார் மணல் வரைக்கும் போகும், ஓட்டலும் உண்டு. பக்கத்தில் உர்சா என்று ஒரு கடற்கரை, நெட்டில் அழகாகப் படம் வரும், செங்குத்து இறக்கம், அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், சொல்லிவிட்டேன்.

ராயபுரத்தான்:
நன்றி. நசரே, அட்ராகா இரண்டும் முடிவு. அம்மாவிடம் சொன்னேன், "கருவாடு பார்க்க ஃப்ளைட் ஏறணுமாடா?" என்கிறார். அடுத்த நிமிஷமே கிலோ என்ன விலை என்று கேட்டார்.