மூன்றடித் தொட்டி, ஒரு ஜோடி நீமோ, ஓர் அனிமோன்: சரி வருமா?

வேளச்சேரி_வாசி:
வணக்கம். எட்டு ஆண்டுகளாக நன்னீர்த் தொட்டிதான் வைத்திருந்தேன். மகளின் நச்சரிப்பு தாங்காமல் இப்போது கடல் தொட்டியில் இறங்கியிருக்கிறேன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர். கடைக்காரர் கொடுத்த பட்டியல்: நீமோ (கோமாளி மீன்) இரண்டு, அவை படுக்க ஒரு கம்பள அனிமோன் (பூப்போல விரிந்து ஒட்டி வாழும் கடல் உயிரினம்), நீல டோரி மீன் ஒன்று, அப்புறம் கேனில் கடல் தண்ணீர். தண்ணீர் ஊற்றிய ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்கிறார். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் காசு இல்லை. நீமோ அனிமோனுக்குள் புகுந்து வருவதைப் பார்க்க வேண்டும், மகளுக்கு அவ்வளவுதான் ஆசை. பட்டியல் சரியா?

அளவுகோல்:
நீமோவைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

டோரி கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. நாள் முழுக்க நீந்தும் மீன் அது, மூன்றடித் தொட்டியில் திரும்பித் திரும்பியே களைத்துவிடும். வெள்ளைப்புள்ளி நோயும் முதலில் அதைத்தான் பிடிக்கும். அந்த நோய்க்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். செம்பு விழுந்த தண்ணீரில் இறால், நத்தை, அனிமோன் எதுவும் பிழைக்காது. அதனால் எந்த மீன் வாங்கினாலும் முதலில் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணியுங்கள். மருந்து வைத்தியமெல்லாம் அங்கேயே முடியட்டும்.

ஒரு வாரம் என்பது அநியாயம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும். நன்னீர்த் தொட்டியிலும் இதே கதைதானே, உங்களுக்குத் தெரியாததா?

அனிமோன் புதுத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. ஆறேழு மாதம் போகட்டும்.

பழைய_உப்பு:
அளவுகோல் சார் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டார். டோரி வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அனிமோனை ஏதோ தீண்டத்தகாத பொருள்போல ஆக்குவதை ஏற்க மாட்டேன். என் வீட்டில் கம்பள அனிமோன் ஆறு வருடமாக இருக்கிறது. சில்லர் கிடையாது, தரைத்தளம், தண்ணீர்மேல் ஒரு சின்ன மின்விசிறி. கோவளம் தாண்டி ஒரு மீனவ நண்பர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் தருகிறார்.

ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஓர் அனிமோனை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். அவர் காலமான பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை அது உயிரோடு இருந்தது. கடல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். எல்.இ.டி. விளக்கு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், இருபது சோதனைப் பெட்டி எதுவும் அந்தக் காலத்தில் இல்லை.

அளவுகோல்:
கதை உண்மைதான், உதாரணம்தான் பொருந்தவில்லை. டாலியெல் வைத்திருந்தது அலை இறங்கும்போது வெறும் பாறையில் காற்றுப்பட ஒட்டிக்கிடந்து பழகிய இனம். குளிர்க் கடல். உடம்புக்குள் நுண்பாசி கிடையாது, ஊட்டினால் போதும். நீமோ தங்கும் கம்பள அனிமோன் உடம்புக்குள் நுண்பாசியை வளர்த்து அதன் உழைப்பில் சாப்பிடுவது. வெளிச்சம் குறைந்தாலும், தண்ணீர் சூடேறினாலும் பாசி போய்விடும். அனிமோன் வெளுக்கும். வெளுத்த அனிமோனைப் பார்த்து "வெள்ளை நிறம் அழகு" என்று வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது பட்டினியில் கிடக்கிறது.

உங்கள் தரைத்தளத்தில் மின்விசிறி போதுமாக இருக்கலாம். வேளச்சேரியில் இவர் எந்த மாடி என்று கேட்டீர்களா? மே மாதம் மேல்மாடியில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் அது பாதி வேலைதான் செய்யும்.

வேளச்சேரி_வாசி:
மூன்றாவது மாடி. மேலே மொட்டை மாடி.

அளவுகோல்:
போச்சு.

பழைய_உப்பு:
சரி, மூன்றாவது மாடி என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் விடமாட்டேன். கடல் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பையில் வரும் உப்பைக் கரைப்பது எனக்கு இன்றுவரை புரியாத கூத்து.

அளவுகோல்:
எந்தக் கடல், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. கூவமும் அடையாறும் கலக்கும் இடத்துத் தண்ணீரைக் கேனில் அடைத்து விற்றால் உங்களுக்குத் தெரியுமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் படலமாக மிதந்தது நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பே குறைந்துவிடும். வங்காள விரிகுடா ஏற்கெனவே ஆற்றுத் தண்ணீர் நிறையக் கலக்கும் கடல்.

உப்புக் கலவை என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். 200 லிட்டருக்கு ஏழு கிலோ. வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 700 கிராம் சொச்சம். ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள், போர்வெல் தண்ணீரில் கரைத்துவிட்டு இங்கே வந்து பாசி பிடிக்கிறது என்று அழாதீர்கள். உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 காட்ட வேண்டும். இன்னொன்று: தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த அளவை உப்பில்லாத தண்ணீரால் நிரப்புங்கள். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பழைய_உப்பு:
கேன் தண்ணீரை நானும் நம்புவதில்லை. நான் சொல்வது தெரிந்த ஆள், ஆழக்கடல். எடுத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் வைத்துத்தான் ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் எடுப்பதே இல்லை. அப்போது உப்புப் பைதான், ஒத்துக்கொள்கிறேன்.

சிங்கை_ரீஃப்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அனிமோனுக்கு வேறு வழி இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? ஹேமர் கோரல், டார்ச் கோரல் மாதிரி நீளமான விரல்களோடு ஆடும் பவளங்களில் நீமோ அனிமோன்போலவே புகுந்து படுக்கும். அனிமோன் நினைத்தால் எழுந்து நடந்து போய் பம்ப்பில் மாட்டிச் செத்து, தொட்டியையே நாசமாக்கும். பவளம் வைத்த இடத்தில் இருக்கும். நண்பர்கள் தொட்டியில் வெட்டிய துண்டு வாங்கினால் கடலுக்கும் சேதமில்லை. காரத்தன்மை 8–9 dKH, கால்சியம் 420 ppm அளவில் ஆடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முத்துநகர்:
தம்பி, உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே கல் பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலிருந்து இருக்கிறது. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் அப்படித்தான். புலிக்கு என்ன அட்டவணையோ அதே அட்டவணை. தொட்டியில் வெட்டிய துண்டா, பாறையில் உடைத்ததா என்று உங்கள் வரவேற்பறையில் யார் நிரூபிப்பது? கையில் தாள் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். அலங்காரத்துக்குச் செத்த பவளக் கல் போடுவதும் இதில் அடக்கம். பாறை வேண்டுமானால் செயற்கைப் பாறை வாங்குங்கள்.

நான் தூத்துக்குடி. எங்கள் பக்கம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்த காலம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதில் அந்தக் கைங்கரியத்துக்கும் பங்கு இருக்கிறது. அதனால் இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை.

சிங்கை_ரீஃப்:
தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணே. வேளச்சேரி நண்பர் என் யோசனையை மறந்துவிடவும்.

பழைய_உப்பு:
முத்துநகர், உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்றிருந்தேன். மீனையும் அனிமோனையும் கடலில் பிடிக்கவே கூடாது, பண்ணையில் பொரித்ததைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். பிடித்துப் பிழைக்கிறவனுக்குப் பாறை உயிரோடு இருந்தால்தானே சோறு? அவன் பிழைப்பைப் பிடுங்கிவிட்டால் பாறையைக் காக்க அவனுக்கு என்ன வந்தது?

முத்துநகர்:
நியாயமான கேள்வி. என் மாமா சங்கு குளித்தவர், கொஞ்ச காலம் தொட்டி மீனும் பிடித்தார். கைவலையில் ஒவ்வொன்றாகப் பிடித்தால் பெரிய பாதிப்பில்லை என்பது அவர் கட்சி, நானும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கோமாளி மீன் அந்தக் கணக்கில் வராது. ஓர் அனிமோனில் இருக்கும் கூட்டத்தில் பெரியது ஒன்றுதான் பெண். அடுத்தது அதன் ஆண். மற்றவை வாய்ப்புக்குக் காத்திருக்கும் பொடிகள். எல்லாமே ஆணாகப் பிறப்பவை. பெண் போனால் ஆண் பெண்ணாக மாறும், அதற்கு நாள் எடுக்கும். விலை போவதோ பெரிய ஜோடிதான். முட்டையிடும் ஜோடியையே தூக்கிவிடுகிறோம். காவலுக்கு மீன் இல்லாத அனிமோனைப் பட்டாம்பூச்சி மீன்கள் வந்து கொறிக்கும்.

அனிமோனைப் பெயர்ப்பது இன்னும் மோசம். பாறைப் பொந்துக்குள் அதன் பாதம் ஒட்டியிருக்கும். அவசரத்தில் பிய்த்தால் கிழியும். கிழிந்தது கடையில் நான்கு நாள் விரிந்து நிற்கும், உங்கள் வீட்டில் பத்தாம் நாள் அழுகும். "ஒரு மாதம்கூட இருக்கவில்லை" என்று எழுதுகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

நீமோவுக்குப் பண்ணைக் குஞ்சே கிடைக்கும்போது கடல் மீன் எதற்கு? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைப் பொரிக்கவைத்து எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது. பண்ணைக் குஞ்சு வீட்டுக்கு வந்த முதல் நாளே உலர் தீனி தின்னும்.

பழைய_உப்பு:
ஜோடிக் கணக்கு எனக்குத் தெரியும், இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன்: அனிமோன் இல்லாத நீமோ, கூடு இல்லாத குருவி மாதிரி.

அளவுகோல்:
கடலில் அப்படித்தான், அங்கே தின்ன வருபவன் இருக்கிறான். தொட்டியில் யார் வரப்போகிறார்கள்? அனிமோன் இல்லாமலே இருபது வருடம் வாழ்ந்த நீமோக்கள் உண்டு. வேளச்சேரி நண்பரே, ஒரு சின்ன மண்சட்டியைச் சாய்த்து வையுங்கள். அதைத் தன் இடமாக எடுத்துக்கொள்ளும். ஜோடி சேர்ந்தால் சட்டியிலேயே முட்டை ஒட்டும், கை வைத்தால் கடிக்க வரும். கூட ஒரு சுத்தம் செய்யும் இறால், நான்கைந்து நத்தை. இந்த வருடத்துக்கு அது போதும்.

வேளச்சேரி_வாசி:
எல்லாருக்கும் நன்றி. கடைக்காரரிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் முறைத்தார். உப்புக் கலவை போட்டு இன்று இருபத்திரண்டாம் நாள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. மண்சட்டியை மகளே தேர்ந்தெடுத்தாள். மீன் வருவதற்குள் அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. தினமும் பள்ளி விட்டு வந்து வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய_உப்பு:
சட்டிக்குப் பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லையே? இருந்தால் எடுத்துவிடுங்கள். சாதாரணச் சுட்ட மண் என்றால் ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் போட்டீர்களா?