மார்ச் 7 அன்று கேப்டன் ஷென்னை விற்காமல் இருந்தது சரிதானா? கடைசி ஆட்டத்துக்கு முன் ஒரு கேள்வி

பிறைக்காரன் (14 ஏப்ரல் 2025, பிற்பகல்)

எல்லாருக்கும் விசுவாவசு புத்தாண்டு வாழ்த்துகள். இன்று விடுப்பு எடுத்திருக்கிறேன். கோயிலுக்குப் போய் வந்தாயிற்று, பிள்ளைகள் பாயசம் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நினைப்பெல்லாம் புதன்கிழமை காலை ஆட்டத்தில்.

நிலவரம் இதுதான். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் (NHL) எங்கள் செயின்ட் லூயிஸ் புளூஸ் 81 ஆட்டங்களில் 94 புள்ளி. மினசோட்டாவுக்கு 95, அவர்களுக்கும் ஓர் ஆட்டம்தான் மிச்சம். கால்கரி இன்று காலை சான் ஹோசேவை வென்று 92 ஆகிவிட்டது, கையில் இன்னும் இரண்டு ஆட்டம். மூன்று அணிக்கு இரண்டே வைல்ட் கார்டு இடம், அதாவது பிளேஆஃபுக்குள் நுழையும் கடைசி இடங்கள். வென்றால் இரண்டு புள்ளி; சியாட்டிலில் ஷூட்அவுட் வரை போய்த் தோற்று ஒன்றுதான் வாங்கினோமே, அங்கே விட்ட அந்த ஒரு புள்ளியை நினைத்தால் வயிறு எரிகிறது. 12 ஆட்டம் தொடர்ந்து வென்ற அணி, அடுத்த மூன்றையும் கோட்டை விட்டிருக்கிறது.

நான் ஏன் இந்த அணி என்று சொல்லிவிடுகிறேன். வேலை பினாங்கில், பாயான் லெப்பாசில், இரவு ஷிப்ட். 2019 தொடக்கத்தில் கம்பெனி எங்களில் நான்கு பேரை செயின்ட் லூயிஸ் பக்கத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. போய் இறங்கியபோது அங்கே கடும் குளிர், ஊரே ஹாக்கி அணியைத் திட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி 3ஆம் தேதி காலையில் மொத்த லீகிலும் கடைசி இடம் அவர்களுக்கு. நான்கு நாள் கழித்து பின்னிங்டன் என்ற பெயர் தெரியாத கோல் காப்பாளன் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினான். பிலடெல்பியாவில் 3-0, ஒரு கோல்கூட விடவில்லை. அப்புறம் தொடர்ந்து 11 வெற்றி. தங்கியிருந்த இடத்தில் காவலாளி ஐயா ஒருவர் எனக்கு ஆஃப்சைடு, ஐசிங் விதிகள் எல்லாம் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்பியபின் ஜூன் 13 காலை, ஷிப்ட் முடிந்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் ஆறிக் கிடக்க, கைப்பேசியில் கோப்பை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைப் பார்த்தேன். பாஸ்டனில் 4-1, கோப்பை எங்களுக்கு. மூன்றாவது கோல் பிரேடன் ஷென் அடித்தது.

இப்போது கேள்வி. இந்த மார்ச் 7, டிரேட் கெடு நாள், அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கக் கடைசி நாள். நாம் பிளேஆஃப் கோட்டுக்கு வெளியே இருந்தோம். ஷென்னை விற்றுவிடுவார்கள் என்று பேச்சு. டொராண்டோ ஸ்காப்ரோவில் இருக்கும் என் அத்தை மகன் அந்த ஊர் லீஃப்ஸ் அணியின் ரசிகன். "உங்க கேப்டன் எங்களுக்கு வந்தாச்சுன்னே வெச்சுக்கோ மச்சான்" என்று முதல் நாளே குரல் செய்தி அனுப்பிவிட்டான். கடைசியில் மேலாளர் ஆர்ம்ஸ்ட்ராங் விற்கவில்லை. லீஃப்ஸ் பிலடெல்பியாவிலிருந்து லாட்டனையும் பாஸ்டனிலிருந்து கார்லோவையும் வாங்கிக்கொண்டது.

விற்காதது சரி என்று நான் அன்றே சொன்னேன். மச்சான் கேட்கிறான்: "ஒரு புள்ளியில வெளிய போனீங்கன்னா அப்பவும் இதையே சொல்வியா? ஷென்னைக் கொடுத்திருந்தா நல்ல டிராஃப்ட் தேர்வு, புது இளம் ஆட்டக்காரரை எடுக்கிற உரிமை, கிடைச்சிருக்கும். ஷென்னும் இருந்து பிளேஆஃபும் இல்லைன்னா ரெண்டும் நஷ்டம்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கோட்டுக்குச் சற்று வெளியே இருக்கும் அணி கெடு நாளில் என்ன செய்ய வேண்டும்?

செந்தூல் அக்கா (14 ஏப்ரல், இரவு)

தம்பி, புத்தாண்டு வாழ்த்துகள். நான் கால்கரி ஆள். வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனி வேலையில் இருந்தபோது இரண்டரை வருஷம் அங்கே இருந்தோம். அதனால் உங்கள் கேள்விக்கு நடுநிலையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடைய 92ஐப் பாருங்கள். 39 வெற்றி, 27 தோல்வி, ஓவர்டைமிலும் ஷூட்அவுட்டிலும் தோற்றது 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கிடைத்தது உண்மை. ஆனால் அந்தப் பதினாலில் நான்கை வென்றிருந்தால் இன்று நாங்கள்தான் மேலே. ஜனவரி கடைசியில் ஃபிராஸ்டையும் ஃபாராபியையும் வாங்கியபோது எனக்குச் சந்தோஷம்தான், இளம் ஆட்டக்காரர்கள். ஆனாலும் கோல் போதவில்லை. வூல்ஃப் என்கிற சின்னப் பையன் கோலில் நின்று அத்தனையையும் தாங்கினான். 2019 டிராஃப்டில் 214ஆவது ஆளாக எடுத்த பையன் அவன்.

கெடு நாளில் வாங்குவதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ், கொலம்பஸிடமிருந்து ஜெஃப் கார்ட்டரை வாங்கியது. எட்டாவது இடத்தில் உள்ளே நுழைந்து கோப்பையையே தூக்கியது. டாம்பா 2020இல் கோல்மனையும் குட்ரோவையும் பெரிய விலை கொடுத்து வாங்கியபோது எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள்? இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை. வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கினால் பலன் உண்டு தம்பி.

ஷென் விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 33 வயது. ஒப்பந்தம் இன்னும் நீளமாக இருக்கிறது. பின்னால் விற்கும்போது இதே விலை வராது.

சன்வே 27 (15 ஏப்ரல், அதிகாலை)

அண்ணே, நான் சன்வே பிரமிட் பனித்தளத்தில் வாரம் இரண்டு இரவு ஹாக்கி விளையாடுகிறேன், தற்காப்பு ஆட்டம். சாதாரண அமெச்சூர்தான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பனியில் இறங்கி ஆடும் ஒவ்வொரு ஷிப்டும் முக்கால் நிமிடம்தான். அதற்குள் பக் (ஆட்ட வட்டு) எங்கே வரும், கூட இருப்பவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தடவை ஜோடியை மாற்றினார்கள். புது ஆள் என்னைவிட நன்றாகச் சறுக்குவார். ஆனாலும் இரண்டு மாதம் நாங்கள் இருவரும் ஒரே மூலைக்கு ஓடி, கோல் முன்னால் ஆளே இல்லாமல் விட்டுக்கொண்டிருந்தோம்.

லீகில் இதற்குப் பெரிய உதாரணம் ரான்டனென். ஜனவரியில் கொலராடோ அவரைக் கரோலினாவுக்குக் கொடுத்தது. எப்படிப்பட்ட ஆட்டக்காரர்! அங்கே 13 ஆட்டத்தில் 2 கோல், 4 அசிஸ்ட் (கோலுக்கு உதவியது). மார்ச் 7 அன்று டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே 8 வருஷ ஒப்பந்தம். அவ்வளவு பெரிய ஆளுக்கே பழக நேரம் வேண்டும் என்றால், கேப்டனைப் பிடுங்கிவிட்டு மிச்சம் இருப்பவர்களை எப்படி ஓடச் சொல்வது?

விற்றிருந்தால் அந்த 12 வெற்றி வந்திருக்காது. எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறைக்காரன் (15 ஏப்ரல், மாலை)

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஷிப்டுக்குப் பஸ் வந்துவிடும், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்கா, கார்ட்டர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த அணிக்கு வேண்டியதை மார்ச்சுக்கு முன்பே வாங்கி முடித்துவிட்டார்கள் என்பதுதான் என் பேச்சு. போன ஆகஸ்டில் எட்மண்டனின் ஹாலோவே, புரோபெர்க் இருவருக்கும் ஆஃபர் ஷீட், அதாவது நேரடி ஒப்பந்த அழைப்பு, போட்டார்கள். எட்மண்டன் அதே சம்பளம் தர முன்வரவில்லை, இருவரும் நம் பக்கம். ஹாலோவே 77 ஆட்டத்தில் கோலும் அசிஸ்டும் சேர்த்து 63 புள்ளி! இப்போது அடிபட்டு வெளியே இருக்கிறான், அதுதான் நெஞ்சை அடைக்கிறது. நவம்பரில் பாஸ்டன் நீக்கிய பயிற்றுநர் மாண்ட்கோமரியை ஐந்தே நாளில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டிசம்பரில் அனஹைமிலிருந்து கேம் ஃபவ்லர். 2010லிருந்து வேறு அணியையே பார்க்காத மனிதர். வந்த மாதமே, டிசம்பர் 31 அன்று, சிகாகோ ரிக்ளி மைதானத்தில் திறந்தவெளிப் பனியில் இரண்டு கோல் அடித்தார்.

2019லும் இப்படித்தான். அந்தக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் ஓ'ரைலி வந்தது முந்தின ஜூலை 1. கெடு நாளில் வாங்கியது டெல் ஜோட்டோ ஒருவரை, அதுவும் ஆறாவது சுற்றுத் தேர்வுக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. மச்சானிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2023 பிப்ரவரியில் அந்தக் கோப்பை அணியைப் பிரித்து விற்றார்கள். 9ஆம் தேதி தாராசென்கோ நியூயார்க்குக்கு. 17ஆம் தேதி கேப்டன் ஓ'ரைலி, அதே டொராண்டோவுக்கு. 26ஆம் தேதி பார்பஷேவ் வேகாஸுக்கு, அந்த ஜூனிலேயே அங்கே கோப்பை தூக்கினார். ஒவ்வொரு செய்தியும் இங்கே காலையில் வரும். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தால் ஒரு பெயர் போயிருக்கும். கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம், வாங்கிய டிராஃப்ட் தேர்வுகள் இன்னும் பயன்படலாம். ஆனால் ஓர் அணியை நாம் பின்தொடர்வது தேர்வு எண்களுக்காக இல்லையே. எனக்குக் கோடு போட்டுக் காட்டிய அந்தக் காவலாளி ஐயா ஓ'ரைலி சட்டைதான் போட்டிருப்பார்.

அதனால்தான் மார்ச் 8 காலை பாலத்தின்மேல் பஸ் போகும்போது, கெடு முடிந்தும் ஷென் இருக்கிறார் என்று பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட் அண்ணன் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

மச்சான் கேட்டதற்குப் பதில்: ஆமாம், நாளைக்கு வெளியே போனாலும் இதையேதான் சொல்வேன்.

செந்தூல் அக்கா (15 ஏப்ரல், மாலை)

படித்தேன் தம்பி. எங்களிடமும் 2022இல் ஒரே கோடையில் கவுட்ரோவும் கச்சக்கும் போனார்கள். புரிகிறது.

நாளைக்கு நான் எங்கள் வேகாஸ் ஆட்டம் பார்க்கிறேன், நீங்கள் உங்கள் யூட்டா ஆட்டம் பாருங்கள். யார் போனாலும் இங்கே வந்து எழுத வேண்டும்.

பிறைக்காரன் (16 ஏப்ரல், மதியம்)

6-1.

பஸ்ஸில் இருந்தபடி தொடக்கம் பார்த்தேன், மீதியை வீட்டில். மனைவி பசியாறக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. யூட்டாவை எழுந்திருக்கவே விடவில்லை. மினசோட்டா கடைசி நிமிடத்தில் சமன் செய்து ஓவர்டைமில் அனஹைமை வென்றதாம், 97. நாம் 96, கடைசி இடத்தைப் பிடித்துவிட்டோம். பிளேஆஃபில் அடுத்து வின்னிபெக், லீகிலேயே முதல் இடம், 114 புள்ளி. பயம்தான். ஆனால் பயப்படுவதற்கு ஓர் ஆட்டம் இருக்கிறதே, அதுவே போதும் எனக்கு.

அக்கா, வேகாஸ் ஆட்டத்தின் முடிவைப் பார்த்தேன். ஷூட்அவுட்டில் வென்றும் போதாமல் போய்விட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சன்வே 27 (16 ஏப்ரல், மதியம்)

அண்ணே!!! வேலையிடத்தில் சத்தம் போட முடியவில்லை, படிக்கட்டுக்கு ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்தேன்.

செந்தூல் அக்கா (18 ஏப்ரல், இரவு)

வாழ்த்துகள் தம்பி. இரண்டு நாள் இந்தப் பக்கம் வர மனசில்லை.

இன்று லாஸ் ஏஞ்சலஸில் 5-1 வென்றோம். ஆடி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படி ஆடினார்கள். கடைசிக் கணக்கு உங்களுக்கு 96, எங்களுக்கும் 96. 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களை எண்ணி உங்களை உள்ளே விட்டார்கள். அந்த 14 தோல்வியை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வின்னிபெக்கை வெல்லுங்கள். ஷென் கோல் அடித்தால் என் பெயரையும் சேர்த்துக் கத்துங்கள்.

பிறைக்காரன் (18 ஏப்ரல், இரவு)

கண்டிப்பாக அக்கா. ஷிப்ட் மாற்றிக் கேட்டிருந்தேன், சூப்பர்வைசர் சரி என்றுவிட்டார்.