சிரிக்க வைத்தவரை நினைவுகூரும்போது முதலில் செய்ய வேண்டியது

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு கணவரை, ஓர் அப்பாவைப் பற்றி நினைவு மலரோ கூட்டமோ ஏற்பாடு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எப்போதும் சிரித்த முகம், எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவார்" என்று பத்துப் பேர் எழுதித் தந்தாலும் அதில் அவர் இருக்க மாட்டார். "கரண்ட் போனால் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பார். பிள்ளைகள் அலறி ஓய்ந்ததும், யாரது கத்தினது, நான் பயந்துட்டேன்ல என்பார்" என்று ஒருவர் எழுதினால் போதும், ஆள் கண்முன் வந்துவிடுவார்.

எழுத உட்காருவதற்கு முன்னால் அவர் குரலைக் காப்பாற்றுங்கள். தள்ளிப்போட முடியாத வேலை இதுதான், ஏனென்றால் அந்தக் குரல் அவர் போனிலும் கணக்குகளிலும்தான் கிடக்கிறது. வீட்டில் துக்கம் ஆறுவதற்குள் யாராவது "இனி எதற்கு" என்று போன் எண்ணை நிறுத்திவிடுகிறார்கள், அல்லது ரீசார்ஜ் செய்ய மறந்து எண் வேறொருவருக்குப் போய்விடுகிறது. வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான், ஆகவே எல்லாம் முடியும்வரை அதை உயிரோடு வைத்திருங்கள். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் இயங்காமல் கிடந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்கை 2 ஆண்டு யாரும் தொடாவிட்டால், படங்களோடு சேர்த்து நீக்க அந்நிறுவனத்தின் விதியில் இடம் உண்டு.

அவர் போன் திறக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போன்களில் கிடக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் அவை 'பிடிடி' (PTT) என்று தொடங்கி, தேதியோடு, 'ஓபஸ்' (.opus) என்று முடியும் கோப்புகளாக இருக்கும். பெயரை மாற்றாதீர்கள், தேதி தொலைந்துவிடும். பழைய கருவிகளில் ஓபஸ் ஓடாது என்பதால் எம்பி3 நகல் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூலத்தை அழிக்கக் கூடாது. செய்திகள் குறித்த நாளில் தாமாகவே அழியும் 'மறையும் செய்திகள்' என்ற வாட்ஸ்அப் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிப்பட்டவர்கள் படத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள், கேமராவைப் பிடித்தவரே அவராக இருந்திருப்பார். அதனால் வீடியோக்களைப் பார்க்காமல் கேளுங்கள். பிள்ளை ஓடும் காட்சிக்குப் பின்னால் "நில்லு, நில்லு, பல்லைக் காட்டு" என்று ஒரு குரல் வருமே, அதுதான் பொக்கிஷம். அச்சுப் படங்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.

அடுத்து, கேட்பது. மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுடைய அப்பாவைப் பற்றித்தான் பேசுவார், கணவரைப் பற்றிப் பேச மாட்டார். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன சொல்வார்?", "நீங்கள் கோபமாக இருந்தால் எப்படிச் சமாதானம் செய்வார்?", "எந்த ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வார், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "அவர் சிரிக்காமல் இருந்தது எப்போது?" என்பதையும் விட்டுவிடாதீர்கள். கடன், வேலை இழப்பு, நோய் என்று எதையோ சிரிப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பலர் வாழ்ந்திருப்பார்கள். அதை வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது மனைவியின் முடிவு. சின்னப் பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் அவர்கள் வார்த்தையிலேயே தேதியிட்டு எழுதுங்கள். மூன்று, நான்கு வயதுக்கு முந்தைய நினைவு பெரியவர்களானதும் பெரும்பாலும் தங்குவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்பது அந்தக் காகிதமாகவே இருக்கலாம்.

பேசுபவருக்கு ஐந்து நிமிடம், மூன்று நிகழ்ச்சி போதும். கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சபை சிரிக்கும் நேரத்துக்கும் இடம் விடுங்கள். எழுத்துப் பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுப் பக்க எண் போடுங்கள். இன்னொரு பிரதி பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கட்டும், தொண்டை அடைத்தால் அவர் தொடர்வார். ஜோக்கைச் சொல்லிவிட்டு விளக்காதீர்கள். குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் சிரிப்பு என்றால், சொல்லாமல் பதிவையே போட்டுவிடுங்கள்.

ஆன்லைன் கூட்டங்களில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. இரைச்சல் வரக் கூடாதென்று எல்லோரையும் மியூட்டில் போடுகிறோம். பேசுபவர் நகைச்சுவையைச் சொல்கிறார், பதிலுக்கு மயான அமைதி. அவருக்கு அடுத்த வரி வருவதில்லை. நெருங்கியவர்கள் ஐந்தாறு பேரின் மைக்காவது திறந்திருக்கட்டும், அவர்கள் சிரிப்பு கேட்டால்தான் மற்றவர்களுக்கும் சிரிக்கத் துணிவு வரும். ஜூமில் குரல் பதிவைப் போடும்போது 'ஒலியையும் பகிர்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் படம் ஓடும், குரல் வராது. முந்தின நாளே வேறொரு ஊரில் இருப்பவரைக் கேட்கச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

ஒரே சம்பவத்தை மனைவி ஒரு மாதிரியும் நண்பர் இன்னொரு மாதிரியும் சொல்வார்கள். கலகலப்பானவர் தாமே ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார். இரண்டையும் கலந்து ஒன்றாக்காமல், சொன்னவர் பெயரோடு தனித்தனியாகவே மலரில் போடுங்கள்.