சஸ்பென்ஷனில் ஃபெயில்: இந்த நாலு வரியில் எது அவசரம், எது காத்திருக்கும்?

மழைச்சாலை:
வணக்கம். கார் சோதனையில் ஃபெயில் ஆகிவிட்டது. முன்சக்கர டிரைவ், முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணில்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு). அறிக்கையில் இருப்பது:

ஃபெயில் – முன் இடது லோயர் பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு), அளவுக்கு மீறிய ஆட்டம்
ஃபெயில் – முன் வலது காயில் ஸ்பிரிங் உடைந்துள்ளது
ஃபெயில் – பின் வலது ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு
கவனிக்க – முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) பின்பக்க புஷ் (ரப்பர் இணைப்பு), இரு பக்கமும் வெடிப்பு

ஓட்டும்போது பெரிதாக எதுவும் தெரியவில்லை. குழியில் இறங்கினால் மட்டும் இடப்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் நாலு ஷாக், ரெண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு தண்டு), டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) எல்லாமே மாற்ற வேண்டும் என்கிறார்கள். எது கட்டாயம்? அதுவரை வண்டியை எடுக்கலாமா?

லீவர்பிடி:
எடுக்காதீங்க. காரணம் ரெண்டாவது வரி. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு டயருக்கு ஒட்டினாற்போல இருக்கு. உடைந்த முனை தட்டை விட்டு நழுவினா நேரா டயர் பக்கச்சுவரைக் கிழிக்கும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் கீழ்ச் சுற்றில்தான் உடையும். மீதிச் சுற்றுகள் எடையைத் தாங்கிக்கிட்டே இருக்கும். தட்டில் தண்ணியும் சேறும் தேங்கி, பெயின்ட் உரிந்து, துரு குழி விழுந்து, அங்கிருந்து விரிசல் ஓடும். ஸ்டியரிங்கை முழுசா திருப்பி, டார்ச் அடிச்சு கீழ் முனையைப் பாருங்க. புதுசா வெட்டின மாதிரி பளபளன்னு இருந்தா சமீபத்தில் உடைந்தது.

அடுத்து பால் ஜாயின்ட். பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஆட்டம் எங்கேன்னு உறுதி பண்ணுங்க. முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மணி 12, 6 இடங்களில் பிடிச்சு ஆட்டணும். ஆடினா, வேறொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதிச்சதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங். நிற்காம தொடர்ந்தா பால் ஜாயின்ட் பக்கம் சந்தேகம். அப்போ ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) நடுவில் லீவர் கொடுத்து மெதுவா நெம்பி, ஜாயின்டையே பாருங்க. மேலும் கீழும் நகர்வது கண்ணுக்குத் தெரியும். புஷ் வளைவதை ஜாயின்ட் ஆட்டம்னு எண்ணிடாதீங்க, பலரும் ஏமாறும் இடம் அதுதான். மணி 3, 9 இடங்களில் பிடிச்சு ஆட்டினா டை ராடு எண்ட் நிலை தெரியும். அங்கே ஆட்டமில்லை, ரப்பர் பூட் கிழியலைன்னா அதை மாற்றத் தேவையே இல்லை.

பழையஸ்பிரிங்:
ஷாக் பத்தி. மெலிசா எண்ணெய் படிஞ்சு தூசி ஒட்டியிருந்தா அது சாதாரணம், ராடு சீல் வேலை செய்யுது. உடம்பு முழுக்க ஈரமா வழிஞ்சாதான் சீல் போச்சு. துணியால நல்லா துடைச்சு, அந்த எண்ணெய் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்னா, வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிஞ்சும் உள்பக்கம் நனையலாம். அது ஷாக்கை விட அவசரம்.

ஷாக், ஸ்பிரிங் ரெண்டுமே ஒரே ஆக்சிலில் ஜோடியாத்தான் மாற்றணும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தளர்ந்ததுன்னா உயரமும் மாறும், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் நடத்தையும் மாறும். அதனால இந்த ரெண்டில் உங்களுக்குக் கட்டாயம்: முன் ஸ்பிரிங் 2, பின் ஷாக் 2. முன் ஷாக் கசியலைன்னா அறிக்கைப்படி அவசியம் இல்லை. ஆனா ஸ்பிரிங்கை மாற்ற ஸ்ட்ரட்டை எப்படியும் கழற்றணும். ராடை கையால் அழுத்திப் பாருங்க. வழியில் எங்காவது எதிர்ப்பே இல்லாம தொளதொளன்னு போனா அப்போதே மாற்றுங்க, ரெண்டாவது கூலி மிச்சம். மேல் மவுன்ட் பேரிங் (ஸ்ட்ரட் மேல்முனை சுழல உதவுவது), பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்காம தடுக்கும் ரப்பர்) ரெண்டையும் அப்போதே பார்த்துடுங்க.

ஸ்பிரிங்கை சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்க. ஒரே மாடலில் இன்ஜினைப் பொறுத்து ஸ்பிரிங் வேறுபடும்.

வீட்டில் செய்யும் எண்ணம் இருந்தா ஒரே எச்சரிக்கை: ஸ்பிரிங் கம்ப்ரஸரை (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஜோடிக் கருவி) எதிரெதிரா மாட்டி, ரெண்டையும் மாறி மாறி சமமா முறுக்கி, ஸ்பிரிங் தட்டில் கையால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் ஸ்ட்ரட் உச்சியில் இருக்கும் நடு நட்டைத் தொடணும். அதுக்கு முன்னாடி தளர்த்தினா உயிருக்கே ஆபத்து. உடைந்த ஸ்பிரிங்கில் கம்ப்ரஸர் சரியா பிடிக்காமலும் போகலாம், அதை ஒர்க்‌ஷாப்பிடமே விடுங்க.

மழைச்சாலை:
நன்றி. பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, அப்படியென்றால் பால் ஜாயின்ட்தான். ஜாயின்ட் மட்டும் போதுமா, முழு ஆர்மா? புஷ் ‘கவனிக்க’ பட்டியலில்தானே இருக்கிறது?

டார்க்ரெஞ்ச்:
சில ஆர்மில் ஜாயின்ட் தனியா போல்ட்டிலோ ரிவெட்டிலோ இருக்கும், சிலதில் ஆர்மோடு சேர்ந்தே வரும். தனியா கிடைச்சாலும், உங்க விஷயத்தில் அதே ஆர்மில் புஷ்ஷும் வெடிச்சிருக்கு. ரப்பரின் மேல்தோலில் மட்டும் கீறல்னா காத்திருக்கும். ரப்பர் உலோகக் குழாயை விட்டுப் பிரிஞ்சிருந்தா காத்திருக்காது. பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் முன்பின்னா நகரும், ஸ்டியரிங் இழுக்கும். இடப்பக்கம் முழு ஆர்ம் போடுங்க. வலப்பக்கமும் இப்போதே முடிச்சா அலைன்மென்ட் ஒரே தடவை போதும்.

இப்போ முக்கியமானது. ஆர்ம் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது இறுக்கவே கூடாது. உள்குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கு, ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினா, தரையில் இறக்கினதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து, புது புஷ் சீக்கிரமே கிழியும். தூக்கும் முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறிச்சுக்குங்க. மாட்டின பிறகு ஜாக்கியால் நக்கிளைத் தூக்கி அதே அளவு வந்ததும் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்கணும். அல்லது வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும் ரேம்ப்பில் செய்யணும். வேலை கொடுக்கும்போதே இதைக் கேளுங்க. “தூக்கினபடியே இறுக்கிடுவோம்”னு பதில் வந்தா வேறு இடம் பாருங்க. டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க்கோடு கோணமும் கொடுத்திருந்தா அந்த போல்ட் புதுசாத்தான் போடணும். நைலான் நட்டும் புதுசாத்தான் போடணும்.

பின் ஷாக்கைக் கழற்றும் முன் பீமுக்குக் கீழே ஜாக்கி கொடுக்கணும். இல்லைன்னா பீம் சரிஞ்சு பிரேக் ஹோஸை இழுக்கும்.

லீவர்பிடி:
லிங்க் ராடு மட்டும் பாக்கி. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தா ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கி, லிங்க் இறுகி, ஆட்டம் மறைஞ்சிடும். ரெண்டு சக்கரமும் தரையில், அல்லது ரெண்டும் தொங்கும்போது லிங்கைக் கையால் பிடிச்சு உலுக்குங்க. ‘டக்’ அங்கேயிருந்தும் வரலாம். ஆடினா ஜோடியா மாற்றுங்க, ஆடலைன்னா விட்டுடுங்க.

ஸ்ட்ரட்டை நக்கிளிலிருந்து பிரிக்கும் முன் போல்ட் நிலையைக் குறிச்சு வைங்க, பல வண்டியில் கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) அங்கேதான் மாறும். எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் வீல் அலைன்மென்ட், அதுக்கப்புறம் மறுசோதனை.